கடற்கரைக் குடையும் ஒரு கனைப்பும்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான். என் தங்கச்சி செல்வி. அவள் வீட்டுக்காரர் பாண்டி – ஆட்டோ ஓட்டுகிறார். சிம்மக்கல்லில் குடையும் தார்ப்பாயும் விற்கும் காதர் பாய். அப்புறம், ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்.

அந்தப் பெரியவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர்கள் என்றாலே எனக்கு ஒரு பயம். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில், கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்து வில்லாபுரத்தில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பியவன் நான். மூடித்தான் இருந்தது.

எதற்குப் போனோம்? குடை வாங்க. கையில் பிடிக்கிற குடை இல்லை... தள்ளுவண்டிக்கு மேலே விரித்து நிறுத்துகிற பெரிய குடை.

செல்வி காளவாசல் பக்கம் வண்டி போட்டிருக்கிறாள். வெள்ளரி, அன்னாசி, மாங்காய். நறுக்கி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுப்பாள். ஒன்பது வருஷமாக ஒரு புங்கமரத்து நிழலில் நடந்த வியாபாரம். தை மாதம் மரத்தை வெட்டிவிட்டார்கள். பங்குனியிலேயே ஒருநாள் அவளுக்குத் தலை சுற்றியது. பிரஷர் பார்த்த டாக்டர், இனி வெயிலில் நிற்கவே கூடாது என்றார். அவள் நிற்காவிட்டால் வீடு நிற்காது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

குடை என் செலவு என்றேன். அண்ணன் செய்கிற சீராக இருக்கட்டும் என்றேன். சீரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. வாங்குகிறவர்கள் விலை கேட்க மாட்டார்கள். குறையும் சொல்ல மாட்டார்கள்.

பாய் முதலில் விரித்தது ஒரு பச்சைக் குடை. ஓரத்தில் மஞ்சள் கரை. உள்பக்கம் முழுக்க வெள்ளிப் பூச்சு. வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, துணிக்கு வெளியே தன் கையை வைத்தார்.

"உள்ள இருந்து பாருங்கண்ணே. என் விரல் தெரியுதா? தெரியாது. விரல் தெரிஞ்சா வெயிலும் வரும்னு அர்த்தம்."

செல்வி குடைக்கு அடியில் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். மரம் போன பிறகு அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான். இதையே எடுத்துக்கலாம்ணே என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் கனைத்தார்.

சாதாரணக் கனைப்பாக எனக்குப் படவில்லை. பச்சையும் மஞ்சளும் சேர்ந்து விரிந்த அதே நேரத்தில் எதற்குக் கனைக்க வேண்டும்? நம் பக்கம் ஒற்றைக் கலர் என்றால் ஒரு கட்சி. இரண்டு கலர் சேர்ந்தால்... வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். இதே இரண்டு கலரில் ஓர் ஊர்வலம் போவதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஊர்வலம் என்று எழுதும் தைரியம் எனக்கு இல்லை.

ஏன் இப்படிப் பயப்படுகிறான் என்று நினைப்பீர்கள். ஏழாம் வகுப்பில் ஒருநாள் கையில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். திருவிழாக் கடையில் அம்மா வாங்கிக் கட்டிவிட்ட கயிறு. கலர் எங்கள் ஆட்களுடையது இல்லையாம். எனக்கு எப்படித் தெரியும்? கக்கூஸ் சுவருக்குப் பின்னால் நான்கு பேர் தெரிய வைத்தார்கள். அடித்தவர்களில் இரண்டு பேர் எங்கள் ஆட்கள்தான்! கயிற்றை அறுத்து எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

அதனால் பச்சை வேண்டாம் என்றேன். பாய் நீலம் எடுத்தார். அதற்கும் ஆள் உண்டு. சிவப்பு? அதற்கும். காவியைத் தொடவே விடவில்லை. ஏழெட்டுக் குடை விரிந்து கடையில் நிற்க இடமில்லாமல் போனது. பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க குடை வாங்க வந்தீங்களா, கொடி வாங்க வந்தீங்களா?"

பாண்டி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கடைசியில் மேல்தட்டிலிருந்து ஒன்று இறங்கியது. எட்டுப் பட்டை, எட்டுக் கலர். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் அடியில் படுத்திருப்பார்களே, அந்தக் குடை. ராமேஸ்வரம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்காரர் ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்க வராமல் போய்விட்டாராம். துணி மெலிசு, சாயங்கால வெயிலுக்குத்தான் ஆகும் என்று பாய் சொன்னார். சொன்னது காதில் விழுந்தது. ஆனால் என் கண் எட்டுக் கலரையும் எண்ணிக்கொண்டிருந்தது. எல்லாக் கலரும் இருந்தால் எவனும் சொந்தம் கொண்டாட முடியாது இல்லையா? பெரியவர் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார். கனைக்கவில்லை.

"எனக்குக் கலர் வேணாம்ணே," என்றாள் செல்வி. "நிழல் போதும்."

நான் சொன்னா சரியா இருக்கும்மா என்று பர்ஸைத் திறந்தேன். சீர் ஆயிற்றே. அவள் அதற்கு மேல் பேசவில்லை. பாண்டியும் மச்சான் இஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

பழைய பெயிண்ட் வாளியில் சிமென்ட் கொட்டி, நடுவில் பைப்பை நட்டு, குடையை நிறுத்தினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காளவாசலில் கடல் வந்துவிட்டதா என்று பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காலேஜ் பிள்ளைகள் அடியில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். கலர் கேட்டு ஒருவரும் வரவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். நான் நிம்மதியாக இருக்கிற நாட்களில்தான் ஏதாவது நடக்கும்.

பன்னிரண்டாவது நாள் மத்தியானம் பாண்டியிடமிருந்து போன். அன்னாசி சீவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கையில் கத்தி இருந்திருக்கிறது. இடது உள்ளங்கையில் ஆறு தையல். உடம்பில் தண்ணீரே இல்லை என்று டிரிப் ஏற்றினார்கள். வெயிலிலா நின்றீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, இல்லை, குடைக்கு அடியில்தான் என்றாளாம். அவர் நம்பவில்லையாம்.

ஆஸ்பத்திரி வாசலில் பாண்டியின் ஆட்டோ நின்றது. பின் சீட்டில் குறுக்காக அந்தக் குடை. என்னைப் பார்த்ததும் பாண்டி குடையை வெளியே இழுத்தார். ஒரு பட்டையை மட்டும் விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அந்தப் பக்கம் தன் கையை வைத்தார்.

ஐந்து விரலும் தெரிந்தது. மோதிரம்கூடத் தெரிந்தது.

மஞ்சள் பட்டை அது. துணியை மடித்து ஆட்டோவுக்குள் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். பதினான்கு வருஷமாக என்னை மச்சான், மச்சான் என்று கூப்பிட்ட மனிதர். இன்றைக்கு வரைக்கும் அந்த வார்த்தையை நான் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் சிம்மக்கல்லுக்கு ஓடினேன். பச்சைக் குடை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அன்றைக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்று பாய் கேட்கவில்லை. பில் போடும்போது பின்னாலிருந்து ஒரு கனைப்பு. திரும்பினால் அதே பெரியவர், அதே ஸ்டூல்.

"எங்க மாமாண்ணே," என்றார் பாய். "பஞ்சு மில்லுல இருந்தவரு. இருவது வருசமா இந்த இருமல்தான்."

அப்படியானால் அன்றைக்கு, நாங்கள் பச்சைக் குடையைப் பார்த்தபோது...?

"அன்னைக்கென்ன, என்னைக்கும்தான்."

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுபடியும் இருமினார். ஒரு மனிதரின் நெஞ்சுச்சளியை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு, என் தங்கச்சியைப் பன்னிரண்டு நாள் வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

செல்வி பத்து நாள் கழித்து வண்டிக்குத் திரும்பினாள். இடது கையில் கட்டு. பச்சைக் குடையைப் பொருத்திவிட்டு, அரைநாள் பக்கத்திலேயே நின்றேன். பழைய பயம் போகுமா? பதினொரு மணிக்கு ஒரு பைக் வந்து நின்றது. மீசைக்காரர். இறங்கி, குடையை அண்ணாந்து பார்த்தார். நான் வண்டிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"அக்கா, மாங்காய்க்கு மொளகாப்பொடி தூக்கலா போடுங்க," என்றார்.

சாப்பிட்டார். காசு கொடுத்தார். போய்விட்டார். அவ்வளவுதான். முப்பது வருஷமாக நான் எதிர்பார்த்துப் பயந்த ஆள் அவர்தான்.

கிளம்பும்போது செல்வி கூப்பிட்டாள்.

"இந்தக் குடை எம்புட்டுண்ணே?"

அது எதற்கு உனக்கு, அண்ணன் சீர்தானே என்றேன்.

"எம்புட்டு?"

ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்றேன்.

"தெனம் நூறு குடுத்துர்றேன். சீருன்னா வாய மூடிக்கிட்டு வாங்கிக்கணும். எனக்கு இனிமே முடியாது. இது கிழிஞ்சா அடுத்தத நானே பாத்து எடுத்துக்குவேன்."

குரலை உயர்த்தவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெள்ளரிக்கு விலை சொல்வது போலச் சொன்னாள். எங்கள் வீட்டில் அண்ணனும் தங்கச்சியும் இதுவரை காசு எண்ணிக் கொடுத்துக்கொண்டது கிடையாது.

இப்போது தினமும் சாயங்காலம் காளவாசலுக்குப் போகிறேன். கட்டுப் போட்ட கையால் காசு டப்பாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நூறு ரூபாயை எடுத்து நீட்டுகிறாள். நான் வாங்கிக்கொள்கிறேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். பரவாயில்லைண்ணே என்கிறாள். எங்கள் பேச்சு அந்த அளவில் நின்றுவிடுகிறது. குடைக்கு அடியில் நல்ல நிழல். நான் ஓரமாக, வெயில் படுகிற இடத்தில்தான் நிற்கிறேன்.

எனக்கு இப்போது புதுக் கவலை ஒன்று. கணக்கு தீர்ந்த மறுநாள் எதைச் சொல்லிக்கொண்டு அங்கே போவேன்?

நேற்றோடு எட்டு நாள். பாக்கி, ஆயிரத்து நூறு ரூபாய்.