செல்விக்கு மட்டும் கேட்ட மக்னீசியம்

இன்று காலை டாக்டர் அறையில் நான் வாயே திறக்கவில்லை.

திறந்திருக்க வேண்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாதமாக எனக்குச் செல்வி மேல் பொறாமை.

செல்வி என் ஓரகத்தி. கொழுந்தன் முருகனின் மனைவி. கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் குடியிருக்கிறோம். நடுவில் ஒரு சுவர். அதில் எல்லாம் கேட்கும்.

எங்கள் இருவருக்கும் ஒரே நோய், ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்க வலிக்கும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. (அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது.)

எனக்கு ஆறு வருடமாக. அவளுக்கு ஒரு வருடமாக. நோயிலும் எனக்கு ஜூனியர்.

நான் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுப்பவள். மக்னீசியம் ரிப்பனைக் கொளுத்தி அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுபவள். அதே மக்னீசியம் மாத்திரையாகி என் தோள்பட்டைக்கு என்ன செய்துவிடும் என்ற சந்தேகத்தோடுதான், டாக்டர் சொன்னாரே என்று மூன்று மாதம் விழுங்கினேன்.

பிறகு வைட்டமின் டி. பிறகு மீன் எண்ணெய்.

தினமும் காலையில் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நோட்டில் குறித்தேன். ஏழு. ஏழு. எட்டு. ஏழு.

மக்னீசியத்தால் நான் கண்ட ஒரே பலன் வயிற்றில். (விவரம் வேண்டாம்.)

போன மாதம் செல்வி அதே டாக்டரிடம் போனாள். அதே மாத்திரை. மூன்றாவது வாரம் ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மாத்திரை அமிர்தம்லாக்கா. படுத்தா விடிஞ்சுதான் முழிப்பு வருது. நீங்க ஒழுங்கா முழுங்குதீங்களா?”

ஒழுங்காக. மூன்று மாதம். நோட்டு இருக்கிறது.

என் கணவர் அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். “டாக்டர் ஒண்ணு, மருந்தும் ஒண்ணு. அவளுக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலைன்னா மனசுலதான் என்னமோ இருக்கு, கேட்டோ.”

வலி நிஜம்தான் என்று அவரை நம்பவைக்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. செல்வி ஸ்டூலில் ஏறிய அன்று அந்த நம்பிக்கை போயிற்று.

இன்று அவளுக்கு மறுபடி காட்டும் நாள். முருகன் வந்து கூப்பிட்டான். “மதினி, நீங்களும் வாங்க. டாக்டர் பறையுற மலையாளம் இவளுக்கு மனசிலாகாது.”

மூவரும் போட்டில் எர்ணாகுளம் போனோம். முருகன் மருந்து வாங்கும் வரிசையில் முன்கூட்டியே இடம் பிடித்து நின்றான். நானும் செல்வியும் உள்ளே போனோம்.

டாக்டர் சிரித்தார். “எந்தா செல்வீ, வலி நிர்த்தியோ?”

“முக்கால்வாசி நின்னுபோச்சு டாக்டர்.”

“அது போரா. முழுவன் நிர்த்தணும்.”

“அதுக்குத்தான வந்திருக்கேன்.”

“மிடுக்கி” என்று மெச்சினார்.

எனக்கு மட்டும் உறைத்தது. மேசையில் கிடந்த அவள் சீட்டை எட்டிப் பார்த்தேன். புகைப்பவர் என்று ஆங்கிலத்தில், நர்ஸின் கையெழுத்தில்.

நம் வலிக்கு மலையாளத்தில் வேதன என்று பெயர். அவர்கள் வலி என்றால் அது பீடி, சிகரெட்.

வெளியே பெஞ்சில் உட்கார்த்தி விசாரித்தேன். போன மாதம் நர்ஸ் படிவத்தோடு வந்து “வலியுண்டோ?” என்று கேட்டிருக்கிறாள். செல்வி “உண்டு சிஸ்டர்” என்றிருக்கிறாள். தினம் எத்தனை என்றதற்கு “எழும்புனதுலேருந்து உறங்குத வரைக்கும்.”

டாக்டர் பதறிப்போய் முருகனை உள்ளே கூப்பிட்டு, “இனி வீட்டில் புக பாடில்லா” என்று கண்டித்திருக்கிறார். புகை கூடாதாம். பெண்டாட்டி சிகரெட் பிடிப்பாள் என்று முருகனுக்குக் கனவிலும் தோன்றாது. அவன் அறிந்த புகை, அடுப்படியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் விடும் புகை.

ஒரு மாதமாகச் சுவருக்கு அப்பால் தேங்காய் துருவுவது, மீன் பொரிப்பது எல்லாம் முருகன். ஆசை மனைவி என்று தாங்குகிறான் போல என நினைத்து அதற்கும் பொறாமைப்பட்டிருந்தேன். செல்வி ஆறரை மணிக்கு எழுந்து அவன் போட்ட சாயாவைக் குடித்திருக்கிறாள்.

கேட்டது மாத்திரையா, ஓய்வா? எனக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எந்த கெமிஸ்ட்ரி டீச்சராலும் சொல்ல முடியாது.

ஆறு வருடம் முன்பு அதே நர்ஸ் என்னிடமும் கேட்டாள், “வலியுண்டோ?”

எனக்குத்தான் மலையாளம் நன்றாகத் தெரியுமே. “ஏய், இல்ல சிஸ்டர்” என்றேன், பெருமையாக.

இன்று பெஞ்சிலிருந்து எழுந்து மறுபடி உள்ளே போய் டாக்டரிடம் விளக்கியிருக்கலாம். விளக்கியிருந்தால் இன்று மாலையே செல்வி அடுப்படிக்குத் திரும்பியிருப்பாள். அவளுக்கும் ஏழு, ஏழு, எட்டு. அதைப் பார்க்க ஒரு நிமிடம் எனக்கு ஆசையாகக்கூட இருந்தது.

பிறகு வேறொரு ஆசை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது போட்டில் முருகன் கேட்டான். “டாக்டர் என்ன பறஞ்சார் மதினி? இனி புகையில நின்னா குழப்பமில்லையா?”

“பாடில்லவே பாடில்ல.”

“எப்ப வரைக்கும்?”

“அதெல்லாம் சொல்லல. இந்த நோய் உள்ள யாருக்குமே ஆகாது. எனக்கும்தான்.”

“உங்களுக்குமா? ஆறு வருஷமா புகையில நிக்குறீங்களே மதினி.”

“உங்க அண்ணன்கிட்ட நான் சொன்னா நம்ப மாட்டார். நீயே சொல்லு.”

சொல்லிவிட்டான் போலிருக்கிறது. நான் மகனுடைய கம்ப்யூட்டரில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுப்படியிலிருந்து இவர் குரல் வருகிறது.

“கடுகு எங்க இருக்கு?”

“ரெண்டாவது டப்பா.”

இப்போது கருகும் வாசனை. நான் எழுந்திருக்கவில்லை. மக்னீசியத்தை மறுபடி தொடங்குவதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். நோட்டில் நாளைக்கு எத்தனை மார்க் வருகிறது பார்ப்போம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மலையாளம்தான் படிக்கத் தெரியும். கமெண்ட் போடுகிறவர்கள் தயவுசெய்து தமிழிலேயே போடுங்கள்.