கூட்டாஞ்சோறு வகுப்பு

அந்த வகுப்பு நடந்த அறையை நினைக்கும்போதெல்லாம் என் மகளின் தூளிதான் முதலில் ஆடிக்கொண்டு வருகிறது. மருந்துப் பெட்டிகள் அடுக்கி வைக்கும் அறை அது. உத்தரத்தில் என் பழைய நீலச் சேலையைக் கட்டித் தூளியாக்கியிருந்தேன். மேல் ஜன்னல் வழியாக விழும் வெயில் சேலையில் பட்டுச் சுவரெல்லாம் நீலமாகும். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பாடம் நடத்துவதுபோல எனக்குத் தோன்றும். உண்மையிலேயே அப்படி நீலமாக இருந்ததா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

கீரனூர் தாண்டி, திருச்சி ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். புதுக் கட்டடம். சுற்றிலும் செம்மண் பொட்டல், சில பனைகள், முன்னால் ஒரு வேப்பமரம். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஹெல்த் விசிட்டர் வேலை எனக்கு. கணவர் ஆவுடையார்கோவில் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமைகளில் பஸ் மாறி மாறி வந்து சேர்வார். மற்ற நாளெல்லாம் குவார்ட்டர்ஸில் நானும் குழந்தையும்தான். அவள் தூங்கும்போது மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வந்தது மூச்சா, ஜன்னல் காற்றா என்று சந்தேகம் வரும். மறுபடி வைத்துப் பார்ப்பேன். ஊரெல்லாம் தாய்மார்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு வந்து இப்படி.

ஒரு நாள் எங்கள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பயிற்சிக்கு வாரவங்க எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு நீங்க ஒரு வகுப்பு எடுங்க."

"நானாம்மா? அதுல டாக்டருக்குப் படிச்ச தம்பியும் இருக்காரே."

"இருக்கட்டும். எல்லாரும் ஒரே வீட்டுக்குள்ளதான போகப் போறாங்க? நோயாளி தலமாட்டுல நின்னா அறிமுகம் பண்ணிக்கிறது?"

என்ன பாடம், எந்தப் புத்தகம் என்று கேட்டேன். "புத்தகம் இருந்தா நானே எடுத்திருக்க மாட்டேனா?" என்று சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வருஷம் வகைக்கு ஒருவராக நான்கு பேர் வந்திருந்தார்கள். மருத்துவக் கல்லூரியிலிருந்து கிராமப் பயிற்சிக்கு வந்த சின்ன டாக்டர். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து பிரசவம் பார்க்கப் படிக்க வந்த பெண். மருந்து கலக்கக் கற்றுக்கொண்டிருந்த கம்பவுண்டர் தம்பி. கிணறு, சாக்கடை, அம்மை குத்துதல் எல்லாவற்றுக்கும் சைக்கிளில் அலையும் சுகாதார இன்ஸ்பெக்டர் தம்பி. இந்தக் கடைசி ஆள் எங்கே போனாலும் பிளீச்சிங் பவுடர் வாடை முன்னால் வந்துவிடும். நான்கு பேரும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவர் என்ன படிக்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. சின்ன டாக்டர் நாற்காலி கேட்பார். மற்றவர்கள் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக்கூட ஆளுக்கு ஒரு மூலை.

கம்பவுண்டர் தம்பிதான் எங்கள் வகுப்புக்குப் பெயர் வைத்தவர். "கூட்டாஞ்சோறு வகுப்புக்குப் போயிட்டு வாரேன்," என்று மருந்து கொடுக்கும் அறையில் சொல்லிவிட்டு வருவாராம். அது என் காதுக்கு வந்தபோது கேலியா, பிரியமா என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் குழந்தை சிணுங்கினால் பாடம் நின்றுவிடும். யாராவது எழுந்து தூளிக் கயிற்றைப் பிடிப்பார்கள். தூளி ஆட்டுகிறவரால் சத்தம் போட்டுப் பேச முடியாது. மற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அப்படியே அமைந்துவிட்டது.

சின்ன டாக்டர் மட்டும் முதலில் மறுத்தார். "நான் தூளி ஆட்டவா வந்தேன்?"

"பின்ன? ஆட்டத் தெரியாத கையில யாரு புள்ளையக் குடுப்பா?" என்றாள் பிரசவம் படிக்கும் பெண், ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரத்தைத் துடைத்தபடியே. அவர் காது சிவந்துபோனது. அடுத்த வாரம் கயிறு அவர் கையில் இருந்தது.

முதன்முதலாக எல்லாரும் சேர்ந்து போன வீட்டை மறக்க முடியாது. பிள்ளைகளுக்கெல்லாம் சிரங்கு. பிரசவம் படிக்கும் பெண் முதலில் பேசினாள்: வெந்நீரில் தேய்த்துத் தினமும் குளிப்பாட்ட வேண்டும். கம்பவுண்டர் தம்பி களிம்பைக் கொடுத்தார்: போட்ட இடத்தில் தண்ணீர் படக் கூடாது. இன்ஸ்பெக்டர் தம்பி, இருக்கிற துணியையெல்லாம் கொதிக்க வைத்து வெயிலில் போடச் சொன்னார். சின்ன டாக்டர், வீட்டில் உள்ள எல்லாரும் களிம்பு போட வேண்டும் என்றார். அந்த வீட்டுப் பெண் ஒவ்வொருவருக்கும் "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று தலையாட்டினாள். எனக்கு ஒரே பெருமை.

மறுவாரம் போனபோது களிம்பு டப்பா மாடத்தில் திறக்காமலே இருந்தது.

"ஏம்மா, ஒண்ணுமே செய்யலையா?" என்று கேட்டேன்.

"எதைங்க செய்யிறது? குளிப்பாட்டுன்னுச்சு அந்தப் புள்ள. தண்ணி படக் கூடாதுன்னாரு இந்தத் தம்பி. எல்லாரும் வீடு தேடி வந்தவுக. ஒருத்தவுக சொன்னதச் செஞ்சா மத்தவுக மனசு கோணாதா? அதான் யாரு சொன்னதையும் செய்யல."

திரும்பி வரும் வழியெல்லாம் கம்பவுண்டர் தம்பி சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுப் பெண் அவர்கள் நான்கு பேர் மரியாதையையும் காப்பாற்றிவிட்டு, பிள்ளைகளைச் சொறியவிட்டிருக்கிறாள்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்த்துவிட்டு வெளியே வந்து, பக்கத்தில் உள்ள மரத்தடியில் நிற்க வேண்டும். சண்டை என்றாலும் அங்கேயே போட்டு முடிக்க வேண்டும். திரும்ப உள்ளே போனதும் ஒருவர்தான் பேச வேண்டும். மற்றவர்கள் அதையே தங்கள் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை வாக்குவாதம் நீண்டுகொண்டே போக, வீட்டுக்காரர் செம்பில் மோர் கொண்டுவந்து, "என்னங்க, ஒங்களுக்குள்ள பங்காளித் தகராறா? குடிச்சிட்டுப் போடுங்க," என்றார். போகப்போகச் சரியாகிவிடும் என்று எல்லாரிடமும் சொன்னேன். சரியாகுமா என்று எனக்கே தெரியாது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் விடியும்போதே என் மகளுக்குப் பேதி தொடங்கிவிட்டது. டாக்டரம்மா புதுக்கோட்டையில் கூட்டம் என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார். பல் முளைக்கிற பேதிதான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வேலை பார்த்தேன். வெயில் ஏற ஏறக் குழந்தை துவண்டாள். வாய் காய்ந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. அழுகிற குழந்தைக்குக் கண்ணீர் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று போன மாதம்தான் அந்த நீல அறையில் நானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அவளை மடியில் போட்டுக்கொண்டு வார்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். நான்கு பேரும் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியாக.

சின்ன டாக்டர் நாடி பார்த்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "தாய்ப்பால நிறுத்திடுங்க. குடலுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்," என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் பிரசவம் படிக்கும் பெண் குனிந்து என் காதில், "அக்கா, பால மட்டும் நிறுத்தீராதீங்க," என்றாள். கம்பவுண்டர் தம்பி பேதியை நிறுத்தும் வெள்ளை மிக்சர் மருந்து கொண்டுவந்தார். குடித்தபின் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் கொடுக்கக் கூடாதாம். இன்ஸ்பெக்டர் தம்பி வாசலில் நின்றபடியே, "டீச்சர், காலையிலதான் நம்ம கெணத்துக்கு மருந்து போட்டேன். அந்தத் தண்ணிய இப்பத் தொடாதீங்க," என்றார்.

ஒருவர் சொன்னதை மற்றவர் முகத்துக்கு நேரே மறுக்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளைகள். டீச்சருக்குத் தெரியாததா, எல்லாவற்றையும் சொல்லிவைத்தால் அவரே பிரித்து எடுத்துக்கொள்வார் என்று நினைத்திருப்பார்கள். எல்லா வீட்டு வாசலிலும் மரத்தடிக்குப் போனவர்கள் என் வீட்டுக்கு மட்டும் அது வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். நான் அவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொருவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. கூட்டினால் குழந்தையின் வாயில் ஒரு சொட்டும் போக வழியில்லை. இரவிக்கை பாலில் நனைந்துகொண்டிருந்தது. கொடுக்கவா வேண்டாமா என்று எனக்கே தெரியாமல், சிரங்கு வீட்டுப் பெண்ணைப்போல ஒவ்வொருவருக்கும் "சரி, சரி" என்று தலையாட்டியிருக்கிறேன்.

அது தெரிந்ததும்தான் எனக்குக் குரல் வந்தது.

"இங்க வாங்க, எல்லாரும். இப்ப நான் டீச்சர் இல்ல. இந்தப் புள்ளையோட ஆத்தா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர்கள் விழித்தார்கள்.

"வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. ஒருத்தர் வந்து சொல்லுங்க."

"மரத்தடிக்கா அக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"மரத்தடிக்குத்தான்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நடந்ததுபோல இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். அதன் நிழலில் நான்கு பேர். காற்றில் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. பேச்சுச் சத்தம் என்வரை வரவில்லை. சின்ன டாக்டர் கையை வீசி ஏதோ சொன்னார். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். கம்பவுண்டர் தம்பி தரையில் குந்திக் குச்சியால் மண்ணில் கோடு இழுத்தார். ஒரு தடவை எல்லாரும் பேசாமல் நின்றார்கள். ஏன் நின்றார்கள்? எழுந்து ஓடி, "அப்படியில்லை, இப்படி" என்று சொல்ல உடம்பு துடித்தது. என்ன சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் புதுக்கோட்டைக்குப் போகும் மத்தியான பஸ் ரோட்டில் தெரிந்தது. கானலில் சக்கரம் இல்லாமல் மிதந்து வந்தது. நிலையத்துக்கு நேராக நின்றது.

"அம்மா, வண்டி நிக்கிது. பெரியாஸ்பத்திரிக்குப் போறதுன்னா இப்பவே ஓடுங்க," என்றாள் வார்டு ஆயா. "இவுகளே இன்னும் படிக்கிற புள்ளைக. இவுகள நம்பி ஒக்காந்திருக்கீகளே."

குழந்தையைத் தோளில் போட்டேன். அவளது கழுத்து என் கழுத்தில் சூடாகப் பட்டது. எனக்கு நான் நடத்தும் வகுப்பு முக்கியமா, பெற்ற பிள்ளை முக்கியமா? போனால் தாயாக இருப்பேன். இருந்தால்? வெயிலில் அவ்வளவு தூரம் இவள் தாங்குவாளா? கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. இருப்பது என்று முடிவு செய்ததாலா, காலில் பலம் இல்லாததாலா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பஸ் போன இடத்தில் செம்புழுதி கொஞ்ச நேரம் எழும்பி நின்றது.

பிரசவம் படிக்கும் பெண் உள்ளே வந்தாள். மற்றவர்கள் வாசலில் நின்றுகொண்டார்கள்.

"அக்கா, நான் பேசுறேன். பால் நிறுத்த வேணாம். கேக்குறப்பல்லாம் குடுங்க. நடுவுல உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி, கரண்டி கரண்டியா. வாந்தி எடுத்தா கொஞ்சம் பொறுத்துட்டு மறுபடி. மிக்சர் இப்ப வேணாம். தண்ணிக்கு இன்ஸ்பெக்டரு வயக்காட்டுக் கெணத்துக்குப் போறாரு, கொண்டாந்ததும் நான் கொதிக்க வைக்கிறேன். பொழுது சாயுறதுக்குள்ள புள்ள ஒண்ணுக்குப் போகணும். போகலன்னா டாக்டர் ஒங்க கூடவே பெரியாஸ்பத்திரிக்கு வாராராம். பஸ் இல்லன்னா லாரிய மறிக்கிறது கம்பவுண்டரு பொறுப்பு."

"படுத்துக்கிட்டாவது மறிச்சிருவேன் டீச்சர்," என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது.

சின்ன டாக்டர் ஒரே ஒரு தடவை தலையை அசைத்தார்.

"ஆகட்டும்," என்றேன். இந்தத் தடவை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு சொன்னேன்.

சைக்கிள் போய்க் குடத்தோடு வந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்தது. கம்பவுண்டர் தம்பி மிக்சர் அளக்கும் கிளாஸில் அதை ஊற்றி ஊதி ஊதி ஆற்றினார். கரண்டி, பிறகு பால், பிறகு கரண்டி. ஒரு தடவை எல்லாம் வெளியே வந்தது. பொறுத்து மறுபடி தொடங்கினோம். பிறகு அவளைத் தூளியில் போட்டார்கள். சின்ன டாக்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நீல வெளிச்சம் சுவரில் போய்ப் போய் வந்தது. நான் கொஞ்சம் கண் அசந்திருக்க வேண்டும். ஊருணி நிறையத் தண்ணீர் நிற்பதாகவும், அதன் நடுவில் எங்கள் பெஞ்சு மிதப்பதாகவும், அதில் எல்லாரும் ஒட்டி உட்கார்ந்திருப்பதாகவும் கண்டேன்.

குழந்தை அழுதது. வாரி மடியில் போட்டுக்கொண்டேன். பனை நிழல்கள் பொட்டலில் நீண்டுவிட்டன. சாயும் பொழுதையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மடியில் வெதுவெதுவென்று பரவியது. முதலில் புரியவில்லை. சேலை நனைந்து, முழங்கால் வழியாகச் சொட்டியது.

"அக்கா, போயிருச்சு! ஒண்ணுக்குப் போயிருச்சு!" என்று அந்தப் பெண் கத்தினாள். இன்ஸ்பெக்டர் தம்பி சைக்கிள் மணியை அடித்தார். பிள்ளை பயந்து வீறிட்டது. கன்னத்தில் கண்ணீர் உருண்டது. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

விளக்கேற்றும் நேரத்துக்கு டாக்டரம்மாவின் ஜீப் வந்தது. குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் சேலையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பாத்திருக்கீங்க. பால நிறுத்தாம, கஞ்சியும் குடுத்து. யாரு சொன்னது?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கம்பவுண்டர் தம்பியைப் பார்த்தாள். அவர் இன்ஸ்பெக்டர் தம்பியை. பெருந்தன்மைக்காகச் செய்ததாகத் தெரியவில்லை. உண்மையிலேயே யோசித்தார்கள்.

"பேசிக்கிட்டிருந்தோம்மா," என்றார் சின்ன டாக்டர் கடைசியில். "யாரு சொன்னதுன்னு ஞாபகம் இல்ல."

மகள் இப்போது சிலேட்டில் வட்டம் போடுகிறாள். அவளுக்குத் தும்மல் வந்தாலும் நான் மூக்கடியில் விரலைக் கொண்டுபோகிறேன். அந்தப் பிள்ளைகள் திசைக்கு ஒருவராக வேலைக்குப் போய்விட்டார்கள். மரத்தடியில் அன்று என்ன பேசினார்கள் என்று நான் அவர்களிடம் கேட்கவேயில்லை. வேப்பம்பூ உதிரும் நாட்களில் ஜன்னலைப் பார்த்தால் அவர்கள் அங்கேயே நின்று, சத்தமே இல்லாமல், என் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.