ஒஸ்லோ எருக்கு

போன ஞாயிறு காலை பத்து இருபதுக்கு ஒஸ்லோவில் எருக்கைப் பார்த்தேன். சரியாகச் சொன்னால், பிடுங்கிப் போட்ட பிறகுதான் பார்த்தேன்.

நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடலான ஃபியோர்டில் ஒரு சின்னத் தீவு. அங்கே டுக்நாட் — சம்பளமில்லாமல் எல்லோரும் கூடிச் செய்யும் பொதுவேலை. தோட்டங்களிலிருந்து தப்பி வந்து காடாகப் பரவும் சிரீன் என்ற வெளிநாட்டு ஊதாப்பூ மரத்தின் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். எதிரெதிராக இரண்டு இலை, இதய வடிவம். அடையாளம் அவ்வளவுதான். நகரின் ரொம்மன் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தவமும் வந்திருந்தார். அசுர வேகம். நான் ஒன்று பிடுங்குவதற்குள் அவருடைய குவியல் முழங்கால் உயரம்.

அந்தக் குவியலில் ஒன்று பூத்திருந்தது. சாண் உயரக் கன்று பூக்குமா? எடுத்துப் பார்த்தேன். மிளகளவு வெள்ளைப் பூ. ஐந்து இதழ், நடுவே ஒரு குட்டிக் கிரீடம்... பிள்ளையாருக்கு மாலை கட்டிய விரல்களுக்கு இது தெரியாதா?

"தவம், இது எருக்கின்ரை சாதி."

"ஒஸ்லோவிலை எருக்கோ? அண்ணைக்கு வெய்யில் பிடிச்சிட்டுது." கை நிற்கவில்லை.

தண்டை ஒடித்தேன். பால் வரவில்லை. எனக்கே சந்தேகம். ஆனாலும் வேலையை நடத்திய இங்க்ரிட்டிடம் — ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை — கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. எருக்கின் குடும்பமேதானாம், பால் இல்லாத கிளை. இந்த மண்ணின் சொந்தச் செடி. நோர்வேயில் பெரும்பாலும் இந்த ஃபியோர்டைச் சுற்றித்தான் வளரும். இலையைத் திருப்பினார். அடியில் நகக்கண் அளவில் பச்சைப் புழுக்கள். ஓர் அந்துப்பூச்சியின் குஞ்சுகள். இந்த இலையைத் தவிர வேறெதையும் தின்னாதாம். ஆடுமாடு அஞ்சும் நஞ்சுச் செடி — இதுகளுக்கு அதுதான் சோறு! பெயர்கூடத் தெரியாத ஒரு செடி, ஓர் உயிரையே தாங்கி நிற்கிறது.

பின்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்த தவம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வெளிநாட்டுச் செடியைப் பிடுங்கச் சொல்ல, வெளிநாட்டுக்காரன் நான் உள்ளூர்க்காரனையெல்லோ பிடுங்கிப்போட்டன்."

தண்டுதான் அறுந்தது, வேர் மண்ணில்தான் இருக்கிறது, அடுத்த கோடையில் முளைக்கும் என்று இங்க்ரிட் தேற்றினார். அதுவரை புழு என்ன தின்னும் என்று தவம் கேட்டார். இங்க்ரிட் பிடுங்காமல் நின்ற அதே சாதிச் செடிகளைக் கைகாட்டினார்.

குவியலில் கிடந்ததை எண்ணினேன்: முப்பத்தொரு தண்டு. தவம் ஒவ்வோர் இலையாகத் திருப்பி, புல் நுனியால் புழுவை ஏந்தி, நிற்கும் செடிகளில் விட்டார். நானும் சேர்ந்துகொண்டேன். நாங்கள் திரும்ப வேண்டிய மூன்று மணிப் படகு ஊதியது. தவம் பதினைந்து வருடமாக பஸ் ஓட்டுகிறவர், ஒரு நிமிடம் பிந்தாதவர் — புழு இருந்த இலையிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

"போகட்டும் அண்ணை. இஞ்சை இன்னும் நாலு பேர் ஏறவேணும்."