வெள்ளிக்கிழமை நெருப்பு

ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் கடிகாரத்தை மாற்றினான். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாயாவின் கேமரன் மலையிலும் மணி என்று ஒன்றரை மணி நேரத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள். காலைப் பிரட்டில் ஆள் எண்ண வரிசையாக நிற்கும்போது கும்மிருட்டாக இருக்கும். வேலை முடிந்ததென்று தண்டவாளத் துண்டைத் தட்டும்போது பொழுது சாய்ந்திருக்காது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் பார்த்தவன். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த எனக்கு மின்விளக்கு பழக்கமானதே இந்த மலையில்தான். சாயங்காலம் நான் பிடியைத் தள்ளினால் தொழிற்சாலை முழுவதும் பளிச்சென்று எரியும். ஊருக்குக் கடிதம் போடும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். சண்டை வந்தது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார், தேயிலை வாங்க ஆளில்லை. இஞ்சின் துருப்பிடிக்க, எங்களைக் குடும்பத்தோடு மேலே மலை முகட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். காட்டை வெட்டி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட வேண்டுமாம். மூங்கிலை நட்டு, லாலாங் புல்லை வேய்ந்து, மேலே கிழிந்த கித்தானைப் போர்த்தினால் அதுதான் வீடு. மண்ணெண்ணெய் கிடையாது, தீப்பெட்டி கிடையாது. என் மனைவி அஞ்சலை அந்தக் குடிசையில்தான் மகளைப் பெற்றாள்.

காவலுக்கு இருந்த ஜப்பான்காரனிடம் ஒருநாள் தீப்பெட்டி கேட்டேன். பாஷை தெரியாததால் குச்சியை உரசுவதுபோல் கையோடு கையை உரசிக் காட்டினேன். குளிருகிறது என்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டினான். வேலை செய்தால் சூடு பிறக்குமாம்! அதற்கு வணக்கம் வேறு வைத்துவிட்டு வந்தேன்.

அதனால் அடுப்பை அணையவிடாமல் காப்பதே எங்களுக்குப் பெரும் பாடாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நாள் முழுக்க மழை. வேலை முடிந்து வந்தால் கித்தான் ஒழுகி அடுப்பு சேறாகிக் கிடக்கிறது. ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை குளிரில் அழக்கூட மாட்டாமல் முனகுகிறது, உதடு நீலம் பாரித்திருக்கிறது. சட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துக் குடிசைப் பூங்காவனம் அக்காவிடம் ஓடினேன்.

"கொஞ்சம் நெருப்பு குடுக்கா. அடுப்பு அணைஞ்சுபோச்சு."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை தம்பி. விளக்கு வெச்சாச்சுலா."

விளக்கு என்று அவள் சொன்னது ஒரு தகர மூடியில் எடுத்து வைத்திருந்த இரண்டு தணல். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து நெருப்புக் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள். என் அம்மாவும் ஊரில் வெள்ளிக்கிழமையில் வாசலுக்கு வந்தவர்களை, காலையில் வா என்று திருப்பி அனுப்பியவள்தான். அவர்கள் அடுத்த வீட்டுக்கோ கடைக்கோ போய்க்கொள்வார்கள். இங்கே நான் எங்கே போவேன்? மற்ற குடிசைகளெல்லாம் மூங்கில் காட்டுக்கு அந்தப் பக்கம்.

"இன்னும் பொழுதே சாயலக்கா! அது ஜப்பான்காரன் மணி. நம்ம மணிக்கு இப்பதான் அஞ்சு."

"இந்த மூடுபனியில பொழுத யாரு கண்டா? மணி அடிச்சான், வெச்சுட்டேன்."

"எந்த லட்சுமிக்கா இந்தக் காட்டுல குடியிருக்கா? எலிகூட இங்க தங்காதுலா!" கத்தியே விட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ பேசுவ தம்பி. நீ உன் பொண்டாட்டி பக்கத்துல இருக்க. என் வீட்டுக்காரர சயாமுக்கு ரயில் போட இழுத்துட்டுப் போனானுங்க. இந்த நெருப்ப வெளிய அனுப்பி, அங்க அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

அப்படியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தோக்கியோவில் பொழுது சாய்ந்ததற்கு என் பிள்ளை விறைத்துச் சாக வேண்டுமா? அவளைத் தள்ளிவிட்டு அள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

"நெருப்புதான் வெளிய போகக் கூடாது. புள்ள உள்ள வரலாம்லா. மரம் மாதிரி நிக்காம போய்த் தூக்கிட்டு வா" என்றாள்.

அஞ்சலையையும் பிள்ளையையும் கித்தானால் போர்த்தி அழைத்து வந்தேன். பூங்காவனம் அக்கா பிள்ளையை வாங்கித் தன் சேலைக்குள் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்து, உள்ளங்கையை அனலில் காட்டிக் காட்டிப் பிள்ளையின் காலில் ஒத்தினாள். வெகுநேரம் கழித்து என் மகள் வீல் என்று அலறினாள். அஞ்சலை அப்போதுதான் அழுதாள்.

இரண்டு பெண்களுக்கும் பிள்ளைக்குமே அங்கே இடம் சரியாக இருந்தது. வாசல் மூங்கிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். முகம் அனலில் காய்ந்தது, முதுகில் மழை அடித்தது. என் குடிசை பின்னால் இருட்டாகக் கிடந்தது. அக்காவின் மேல் இருந்த கோபம் போகவில்லை. அங்கிருந்து எழுந்து போகவும் மனம் வரவில்லை.