லாந்தரின் இடது முன்னங்கால்

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதற்குள்ளேயே ஹேமநாதன் கடையில் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயச் சண்டை தொடங்கிவிட்டது.

செண்டாயான் போகும் பெரிய சாலையிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் முனையில் இருக்கிறது அந்தக் கடை. தகரக் கூரை, ஏழு மேசை. ஒரு பக்கம் செம்பனை. எதிர்ப்பக்கம் இரண்டு வருடத்துக்கு முன் எழும்பிய வரிசை வீடுகள். காலையில் செம்பனைப் பழ லோரி ஓட்டுபவர்களும் தொழிற்சாலை வேனுக்குக் காத்திருப்பவர்களும் அங்கேதான் பசியாறுவார்கள். தே தண்ணி ஆற்றுவது பஞ்சாலை என்ற பெண்ணின் வேலை. ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு. ஓர் இடத்தில் நின்றால் கால் வலிக்கும், நடந்தால் வலிக்காது என்று சொல்லிக்கொண்டு கடையைச் சுற்றிக்கொண்டே இருப்பாள்.

அந்த வருடம் எல்லோரும் ஜெயிக்கும் என்று சொன்ன குதிரை அயர்லாந்திலிருந்து வந்திருந்தது. நார்த் லான்டர்ன் என்று பெயர். கடையில் அது முதல் நாளே லாந்தர் ஆகிவிட்டது.

“கடைசியா ஓடுன நாலுல மூணு ஜெயிச்சிருக்கு. இதுக்கு மேல என்னா வேணும்?” என்றான் ஹேமநாதன், ரொட்டி மாவை வீசியபடியே.

தோட்டத்து ஆபிசில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஹரோல்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “அந்த மூணும் ரெண்டாயிரத்து நானூறு மீட்டர். இது மூவாயிரத்து இருநூறு. போதாததுக்கு ஐம்பத்தேழு கிலோ சுமக்கணும். கடைசி இருநூறு மீட்டர்ல நாக்கு தள்ளிடும், பாத்துக்க.”

“சுமக்கிறது குதிரை, உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது அங்கிள்?” என்று சிரித்தார் இராஜமாணிக்கம். பஞ்சாலையின் புருஷன், பழ லோரி ஓட்டுபவர். “லாந்தர்தான். கண்ண மூடிக்கிட்டு சொல்றேன்.”

தோற்கிறவர் புதன்கிழமை காலை கடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் ரொட்டி சானாய் வாங்கித் தரவேண்டும் என்று முடிவானது. ஹேமநாதனும் இராஜமாணிக்கமும் லாந்தர் பக்கம். ஹரோல்ட் எதிர்ப்பக்கம்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்கதான குதிரையோட குடும்பம் நடத்துனவங்க” என்றான் ஹேமநாதன்.

பஞ்சாலை கையிலிருந்த குவளையில் ஏற்கெனவே பால் ஊற்றியிருந்தாள், மறுபடியும் ஊற்றினாள்.

ஹேமநாதன் சொன்னது கேலி இல்லை. கல்யாணமான வருடம் அவள் புருஷனோடு கோலாலம்பூர் பக்கம் போனாள். அவர் குதிரைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். அவள் பந்தயக் குதிரை லாயம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். சாணி அள்ளுவது, வைக்கோல் பரப்புவது, குளிப்பாட்டுவது என்று ஆரம்பித்து, நாலைந்து வருடத்தில் மூன்று குதிரைகளை முழுசாக அவள் பொறுப்பில் விட்டார்கள். பதினேழு வருடம் அங்கே இருந்தாள். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றாள்.

சனிக்கிழமை காலை ஹேமநாதனின் மகள் ஷாமினி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். நீலாயில் கல்லூரியில் படிக்கிறாள். வார இறுதியில் அப்பாவுக்கு உதவியாக வந்துவிடுவாள். “ஆண்ட்டி, லாந்தர் வீடியோ வந்திருக்கு, பாருங்க” என்று போனை நீட்டினாள். குதிரையின் லாயத்தார் போட்டிருந்த ஒன்றரை நிமிட வீடியோ. பனிமூட்டத்தில் குதிரை ஓடியது, திரும்பி வந்தது, தண்ணீர்க் குழாயருகே நின்றது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று.

பஞ்சாலை முதலில் அழகைத்தான் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

“திரும்ப போடு.”

ஷாமினி போட்டாள்.

“அந்தக் குழாய்கிட்ட நிக்கிறத மட்டும் போடு.”

ஐந்தாவது முறை பார்த்தபோது பஞ்சாலை போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். குதிரை இடது முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருந்தது. ஆள் ஒருவன் நகர்த்தினான், இரண்டு அடி வைத்தது, நின்றது, மறுபடியும் அதே காலை நீட்டியது.

“இந்தக் குதிரை ஓடக்கூடாது” என்றாள்.

ஹேமநாதன் மாவு படிந்த கையோடு ஓடி வந்தான்.

“குதிரை பின்னங்கால மாத்தி மாத்தி ஓய்வு குடுக்கும், அது வழக்கம். முன்னங்கால நீட்டி வைக்காது. வச்சா அங்க என்னமோ நோவுதுன்னு அர்த்தம்.”

“அப்ப தோக்குமா அக்கா?”

“தோக்கும்னா சொன்னேன்? ஓடக்கூடாதுன்னு சொல்றேன்.”

ஹேமநாதன் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அரை மணி நேரத்தில் அவன் லாந்தரைக் கைவிட்டு ஹரோல்ட் பக்கம் சாய்ந்துவிட்டான். மத்தியானத்துக்குள் சேதி வரிசை வீடுகள் வரை போய்விட்டது. முன்பின் தெரியாத ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “அக்கா, எந்த நம்பர் வருங்க?” என்று கேட்டான். பஞ்சாலை மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள்.

இராஜமாணிக்கம் மட்டும் மசியவில்லை. “ஒரு நிமிசம் கால நீட்டி நின்னா நோயா? அங்க டாக்டர் இருக்கான், எக்ஸ்ரே எடுக்கிறான். அவனுக்குத் தெரியாதது தே தண்ணி ஆத்துற உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?”

விளையாட்டாகத்தான் சொன்னார். பஞ்சாலை ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணியைத் துவைத்துக் காயப்போட்டாள்; காய்வதற்குள் எடுத்தாள். கோழிக்கறியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். சாப்பிட உட்கார்ந்த இராஜமாணிக்கம் தட்டைத் தள்ளி வைத்தார்.

“என்னா புள்ள? எங்கேயோ ஓடற குதிரைக்கு நீ ஏன் இப்படி அல்லாடுற?”

“துரைய நெனைப்பு இருக்கா?” என்றாள்.

இராஜமாணிக்கத்துக்கு நினைவிருந்தது. அவள் பொறுப்பிலிருந்த சாம்பல் நிறக் குதிரை. ரிஜிஸ்டரில் வேறு ஏதோ ஆங்கிலப் பெயர். எல்லோரையும் மூக்குக்கு மேலால் பார்க்கும் என்பதால் அவள் வைத்த பெயர் துரை. ஓட்டத்தில் முன்னங்கால் முறிந்து, ஓடுதளத்திலேயே பச்சைத் திரை கட்டிச் சாக ஊசி போட்டார்கள். அன்றைக்கு அவர் வேன் காலியாகத் திரும்பியது.

“அன்னைக்குக் காலைல அது கால நீட்டி நின்னுச்சு. நான் பாத்தேன்.”

“சொல்லலையா?”

“அசிஸ்டன்ட்கிட்ட சொன்னேன். தொட்டுப் பாத்தான். சூடு இல்ல, போய் சாணி அள்ளுற வேலைய பாருன்னான். பெரிய டிரெய்னர் அஞ்சு அடி தள்ளி நின்னாரு. அவருகிட்ட போயி சொல்லியிருக்கலாம். வாயத் தொறக்கல. பயம். நானே அதுக்கு மூஞ்சிய தொடச்சி, தலைய வாரி, கையில பிடிச்சிக் கூட்டிட்டுப் போயி விட்டேன்.”

இராஜமாணிக்கம் தள்ளி வைத்த தட்டையே பார்த்தார். “பதினோரு வருசமா இடுப்பு வலின்னு சொல்லிட்டிருந்த” என்றார் கடைசியில்.

“என்னான்னு சொல்ல?”

அவர் எழுந்து கை கழுவினார். “நாளைக்கு அந்தப் பொண்ணு ஷாமினிகிட்ட சொல்லி எழுதச் சொல்லு. லாயத்துக்காரனுக்கே எழுது. கேக்கறதும் கேக்காததும் அவன் பாடு.”

தீபாவளி விடுமுறை இன்னும் முடியாததால் திங்கட்கிழமையும் ஷாமினி கடையில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தயங்கினாள். “ஆண்ட்டி, அந்த வீடியோ கீழ நாலாயிரம் பேரு கமெண்ட் போட்டிருக்காங்க. யாரு பாப்பா?”

“நாலாயிரத்து ஒண்ணாவதா போடு.”

பஞ்சாலை தமிழில் சொல்லச் சொல்ல, ஷாமினி ஆங்கிலத்தில் தட்டினாள். நான் பதினேழு வருடம் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவள். உங்கள் குதிரை குழாயடியில் நிற்கும்போது இடது முன்னங்காலை இரண்டு முறை நீட்டி வைக்கிறது. தயவுசெய்து குளம்பையும் காலின் பின்பக்கத்தையும் இன்னொரு தரம் பாருங்கள். குதிரை நல்ல குதிரை. கடைசி வரியைப் போடவேண்டுமா என்று ஷாமினி கேட்டாள். போடு என்றாள் பஞ்சாலை.

சாயங்காலம் வரை மூன்று பதில் வந்தது. ஒருவர் சிரிப்பு முகம் போட்டிருந்தார். இன்னொருவர், நீ எந்தக் குதிரைமேல் பணம் கட்டியிருக்கிறாய் என்று கேட்டிருந்தார். மூன்றாவது ஆள் எங்கள் நாட்டுக் குதிரையைப் பற்றிப் பேச நீ யார் என்றிருந்தார். லாயத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பஞ்சாலை பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து, “வந்திருச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை. மெல்பர்னில் பிற்பகல் மூன்று மணி, இங்கே பன்னிரண்டு. கடையில் உட்கார இடமில்லை. ஹேமநாதன் போனைத் தொலைக்காட்சியோடு இணைத்திருந்தான். கடைசி நிமிடத்திலாவது லாந்தரை விலக்கிவிட்டார்கள் என்று அறிவிப்பார்களோ என்று பஞ்சாலை காத்திருந்தாள். அறிவிக்கவில்லை. இருபத்து நாலு குதிரைகளும் புறப்படும் கதவுகளுக்குள் போயின. லாந்தர் பதினெட்டாவது கதவு.

“வெளிக்கதவு. சுத்தி ஓடணும். தொலைஞ்சது” என்றார் ஹரோல்ட்.

பஞ்சாலை வெளியே போய்விட்டாள். செம்பனை வரிசைக்குள் நுழைந்து, வடிகால் ஓரமாக வேகமாக நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடையிலிருந்து சத்தம் விட்டுவிட்டு வந்தது. மூன்று நிமிடத்துக்கும் சற்று மேலே ஓடும் பந்தயம் அது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் முடியவே முடியாது போலிருந்தது. திடீரென்று ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. அந்த மாதிரிக் கூச்சல் எதற்கு வேண்டுமானாலும் எழும். அவள் ஓடினாள்.

உள்ளே இராஜமாணிக்கம் நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். ஹேமநாதன் தலையில் கை வைத்திருந்தான்.

“லாந்தர்லா! ரெண்டு குதிரை நீளம் தள்ளி ஜெயிச்சிருச்சு! அக்கா, உங்க பேச்சக் கேட்டு நான் கெட்டேன்!”

“நடக்குதா?” என்றாள் பஞ்சாலை.

“என்னாது?”

“ஜெயிச்சது கிடக்கட்டும். நடக்குதா? காலக் காட்டு!”

திரையில் ஜாக்கியின் முகம்தான் இருந்தது. பிறகு தொப்பி போட்ட பெண்கள், பிறகு கோப்பை. பஞ்சாலை திரைக்கு ஒரு முழத்தில் போய் நின்றாள். யாரோ மறைக்கிறது என்று கத்தினார்கள். அவள் நகரவில்லை. கடைசியில் கேமரா கீழே இறங்கியது. லாந்தர் வியர்வையில் மினுங்க நடந்து வந்தது. கடிவாளத்தைப் பிடித்திருந்த பெண் அழுதுகொண்டே அதன் கழுத்தைத் தட்டினாள். இடது, வலது, இடது. நான்கு காலிலும் எடை ஒரே மாதிரி விழுந்தது. நின்றபோதும் நேராக நின்றது.

பஞ்சாலை முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியதைப் பார்த்தவர்களுக்கு அழுகிறாள் என்று தோன்றியிருக்கும்.

“நான் சொன்னது தப்பு” என்றாள் எல்லோரையும் பார்த்து. “சுத்தமா தப்பு.”

அப்படி ஒத்துக்கொண்டதும் ஹரோல்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அன்றைக்குக் கல் குத்தியிருக்கலாம், இன்றைக்குச் சரியாகியிருக்கலாம். அந்தக் கமெண்டைப் பார்த்தே மருந்து போட்டிருப்பார்கள். அதெல்லாம் இல்லை, அது அப்படி நின்று பழகிய குதிரை என்றார் இராஜமாணிக்கம். சண்டை இன்னும் ஒரு மணி நேரம் ஓடியது. எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் ஹேமநாதனும் ஹரோல்டும் ஆளுக்குப் பாதியாகச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். அறுபத்து நாலு ரொட்டி போனது.

அன்று மாலை இராஜமாணிக்கம் வீட்டில் சட்டையைக் கழற்றும்போதே பேச்சை எடுத்தார். “நீலாய்க்குப் போற பழைய ரோட்டுல, பிள்ளைங்களுக்குக் குதிரை ஏறக் கத்துக்குடுக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஆள் வேணும்னு போர்டு போட்டிருக்கான். ரெண்டு மாசமா பாக்கிறேன். உன்கிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு.”

“என்கிட்ட என்னா பயம்?”

“இடுப்பு வலின்னு சொல்லுவ.”

சனிக்கிழமை அவர் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து போனாள். பதினோரு குதிரைகள், பெரும்பாலும் வயசானவை. பொறுப்பாளர் லிம் என்ற இளம்பெண். அவள் ஃபாரத்தை எடுத்து வருவதற்குள் பஞ்சாலை முதல் கொட்டடிக்குள் போய், ஒரு பெட்டைக் குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது கடிக்கும்!” என்று மலாயில் கத்தினாள் லிம்.

“கடிக்கட்டும். இந்தக் குளம்பச் சுத்தம் பண்ணி எத்தன நாள் ஆச்சு? லாடக்காரன் எப்ப வருவான்?” என்றாள் பஞ்சாலை, அதே மலாயில், கொஞ்சம் சத்தமாகவே.

வாரத்துக்கு நாலு நாள் வேலை என்று பேசி முடித்தார்கள்.