பின் ஆசனத்துப் பிள்ளைகளின் பத்திரங்கள்

பெரியவர்களின் பத்திரத்தில் பிழை வந்தால் அது அவர்களுடைய தலையெழுத்து. பிள்ளைகளின் பத்திரத்தில் பிழை வந்தால் அது என்னுடைய பிழை. என் தொழில் அவ்வளவுதான். இத்தாலியில், பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், போட்டோக்கொப்பி, படிவம் நிரப்புதல் எல்லாம் உண்டு. படம் எடுப்பது லூச்சியா. அவள் இந்த ஊர்ப் பெண். எங்கள் மொழியில் 'சிரி', 'சிரிக்காதே' என்ற இரண்டும் அவளுக்குத் தெரியும். ஏச்சு வாங்குவது மட்டும் நான்.

ஓகஸ்ட் பிறந்தால் லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருப் பக்கத்துச் சிஞ்ஞோராமார், அதாவது வீட்டு எசமானிமார், எல்லாரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய வீடுகளைத் துடைக்கிற எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்துக்கும் அப்போதுதான் லீவு. காரைக் கப்பலில் ஏற்றி, ஜெனோவாவில் இறங்கி, கியாசோ எல்லையால் சுவிசுக்குப் போவார்கள். புறப்பட முதல் டயர் பார்ப்பார்கள், ஒயில் பார்ப்பார்கள், இரண்டு டின் முறுக்குச் சுடுவார்கள். பின் ஆசனத்தில் இருக்கிற பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு பாஸ்போர்ட்டும், பெர்மெசோ என்கிற வதிவிட அட்டையும் வேண்டும் என்பது மட்டும் கடைசிக் கிழமையில்தான் ஞாபகம் வரும். பிள்ளை பெற்றவர்களே, நீங்களும் அப்படித்தான். மறுக்காதீர்கள்.

போன கோடையில் என் நித்திரையைக் கெடுத்தது சிவநேசன் குடும்பம். மனைவி கலாவுக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி. அவனுக்குச் சூரிச்சில் கலியாணம். கலாதான் தோழி, தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் நிற்க மாப்பிள்ளை வீட்டில் வேறு சகோதரி இல்லை. எட்டு வயது அபிராமியையும் ஐந்து வயதுத் துவாரகனையும் விட்டுவிட்டுப் போக இங்கே ஆளும் இல்லை. ஆகவே நாலு பேரும் எல்லையைக் கடந்தே தீரவேண்டும். அவர்களிடம் வருவதற்கு முதல், அதே நாட்களில் வந்த இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன்.

கன்னத்துப் பொட்டு

மூன்று மாதக் குழந்தையோடு ஒரு இளம் தாய் வந்தாள். குழந்தையின் கன்னத்தில் கண்ணூறுக்கு வைத்த கறுத்தப் பொட்டு, ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் இருந்தது. பாஸ்போர்ட் படத்தில் முகம் முகமாகத் தெரியவேண்டும், பொட்டை அழித்துவிட்டு எடுப்போம் என்றேன். அவள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். எத்தனை ஒபீசில் எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்ப்பார்கள், அத்தனை கண்ணும் பிள்ளையின் மேல் படாதா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

அரை மணித்தியாலம் வாதாடினோம். லூச்சியா கமராவைப் பிடித்தபடி நின்று களைத்துக் கதிரையில் குந்திவிட்டாள். கடைசியில் நான், பொட்டைப் பிள்ளையின் உள்ளங்காலுக்கு மாற்றுவோம், அங்கே வைத்தாலும் கண்ணூறு படாது என்று ஒரு வழி சொன்னேன். தாய்க்கு முகம் மலர்ந்தது. காலில் பொட்டு வைத்து, கன்னத்தைத் துடைத்து, நல்ல படமாக ஒன்று எடுத்துவிட்டோம். காசு தந்து வாசல் மட்டும் போனவள் திரும்பி வந்து படத்தை இன்னொருமுறை பார்த்தாள்.

"அக்கா, இதிலை கால் விழேல்லையே! கால் விழுந்தால்தானே பாக்கிறவைக்குப் பொட்டுத் தெரியும்?"

மொட்டை

இன்னொருவர் தன் மகளின் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார். காலாவதியாக இன்னும் ஏழு மாதம் இருந்தது. எல்லாம் சரி என்று நினைத்து விரித்தால் படத்தில் ஒரு மொட்டைத்தலைப் பையன். பிள்ளைக்கு ஒரு வயதில் நேர்த்திக்கடனுக்கு மொட்டை அடித்த கையோடு படம் எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற மகளுக்கோ தோள் வரை இரட்டைப் பின்னல், அதில் சிவப்பு ரிபன் வேறு.

எல்லையில் நிற்கிற பொலிஸ்காரர் இது வேறு பிள்ளை என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிறப்புப் பத்திரத்தையும், இடையில் எடுத்த படங்கள் சிலவற்றையும் கொண்டுபோகச் சொன்னேன். இது உங்களுக்கு விளையாட்டு இல்லை என்று கொஞ்சம் சத்தம் போட்டும் சொன்னேன். மனிசன் அசையவே இல்லை.

"நம்பாட்டில் ஒரு சவரக்கத்தி கொண்டு போறன் அக்கா, அங்கையே அடிச்சுக் காட்டுறன்."

ஒரு கார், மூன்று பெயர்

திங்கட்கிழமை சிவநேசன் குடும்பம் முழுக்க வந்தது. வெள்ளி இரவு கப்பல், ஞாயிறு காலை முகூர்த்தம். நாலு பாஸ்போர்ட்டையும் நாலு பெர்மெசோவையும் மேசையில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றுக்கும் காலம் இருந்தது. எனக்கே சந்தோஷமாகிவிட்டது. எங்கள் சனத்தில் இப்படி ஒரு குடும்பத்தை வருஷத்துக்கு ஒருமுறை கண்டால் பெரிய காரியம்.

பிறகுதான் பெயர்களை வாசித்தேன். இத்தாலிப் பேப்பரில் தகப்பனின் குடும்பப் பெயர் கந்தையா. தாயின் குடும்பப் பெயர் இராசதுரை. பிள்ளைகளுடையது சிவநேசன். தகப்பன் பெயரை முன்னால் போடுவது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம், ஆனால் எல்லையில் நிற்கிறவருக்கு அது தெரியாது. சிவநேசன் நாலு பாஸ்போர்ட்டையும் திரும்பத் திரும்பப் புரட்டினார். ஒன்றும் பயப்பட வேண்டாம், தாய் தகப்பன் பெயர் போட்ட பலமொழிப் பிறப்புப் பத்திரத்தைக் கொமூனேயில், அதுதான் நகரசபையில், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று விளங்கப்படுத்தினேன். லூச்சியா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து இத்தாலியனில் கேட்டாள்.

"இது குடும்பமா, இல்லை ஒரே பஸ்ஸில் ஏறின ஆட்களா?"

வியாழக்கிழமை

பேப்பர்களை ஒரு பைலில் போட்டுக் கொடுத்தேன். சிவநேசன் போகாமல் நின்று நெளிந்தார். பிறகு, வியாழக்கிழமை காலை கொமூனேக்கு நான் கட்டாயம் வரவேண்டும் என்றார். பதினாலு வருஷமாக இங்கே ஒரு முதியவரைப் பராமரிக்கிறவர் அவர். குடியுரிமை கிடைத்துவிட்டதாம், வியாழன் அன்று சத்தியப் பிரமாணமாம். கோட் தைத்தாகிவிட்டது. வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா கழுத்துப் பட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறா. கொமூனே தந்த நாள் பஞ்சாங்கத்திலும் நல்ல நாளாக விழுந்திருக்கிறது. மனிசன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் பைலைத் திரும்ப வாங்கித் திறந்தேன். வாசகரே, கொஞ்சம் கவனியுங்கள். தகப்பன் சத்தியம் செய்த அடுத்த நாளே அவரும் இத்தாலியர், அவரோடு ஒரே வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகளும் இத்தாலியர். அதற்குப் பிறகு இலங்கைக்காரருக்குக் கொடுத்த பெர்மெசோவுக்குப் பெறுமதி இல்லை. இத்தாலிய அடையாள அட்டை எடுக்கவோ பிள்ளைகளின் பதிவெல்லாம் மாற்றவேண்டும், அதற்குக் கிழமைக் கணக்கில் காத்திருக்கவேண்டும். வியாழன் சத்தியம் செய்தால் வெள்ளி அந்தக் காரில் பேப்பர் உள்ள ஒரே ஆள் கலா.

நான் சொல்லி முடிக்க சிவநேசன் கதிரையில் இருந்துவிட்டார். பதினாலு வருஷம் அக்கா, பதினாலு வருஷம் என்று அதையே சொன்னார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பிரமாணத்துக்கு ஆறு மாதம் தவணை உண்டு, அதில் நாலு மாதம் மிச்சம் இருக்கிறது, திகதியை மாற்றக் கேட்கலாம் என்றேன். மாற்றக் கேட்டால் கோபித்துக்கொண்டு தராமலே விட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். கலா தனியாகப் போகட்டும் என்று தொடங்கினார். கலாவுக்குக் கார் ஓடத் தெரியாது என்பது பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கலா பைலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தாலி எங்கையும் ஓடாது. என்ரை தம்பியின்ரை முகூர்த்தம் நிக்காது."

பத்து நாள் தவணை

செவ்வாய் காலையே அவரைக் கூட்டிக்கொண்டு கொமூனேக்குப் போனேன். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஓகஸ்ட் வெக்கையில். ஏன் என்று கேட்டதற்கு, மரியாதைக் குறைவாக நினைக்கக் கூடாதல்லவா என்றார். வரிசையில் நிற்கும்போது சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்காத மாதிரி நின்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்கு முதலில் விளங்கவில்லை. திகதியை முன்னுக்குத் தள்ளவேண்டுமா என்று கேட்டார். இல்லை, பின்னுக்கு என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தன் சேவைக் காலத்தில் எல்லாரும் கெதியாகத் தரச்சொல்லி அழுதிருக்கிறார்களே தவிர ஒருவரும் தள்ளிப்போடக் கேட்டதில்லையாம். அப்போது சிவநேசன் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, பிழையில்லாத இத்தாலியனில், "சிஞ்ஞோரா, பிள்ளைகளுக்காக நான் இன்னும் பத்து நாள் இலங்கையனாக இருக்கவேண்டி இருக்கிறது" என்றார். பெண்மணி மூக்குக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு ஒக்டோபர் மாதத்துக்கு ஒரு நாளை எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

"பத்து நாள் கேட்டீர்கள், ஒக்டோபர் வரை தருகிறேன். போதுமா, இல்லாவிட்டால் நீங்கள் இன்னும் யோசிக்கவேண்டுமா?"

கியாசோ

சனிக்கிழமை பின்னேரம் கப்பலால் இறங்கி விட்டோம் என்று கலா எழுதினாள். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. ஜெனோவாவிலிருந்து எல்லைக்கு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் கடந்து ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். எந்தப் பேப்பரை விட்டேன், எந்தப் பெயரைப் பிழையாக வாசித்தேன் என்று கடையில் வைத்திருந்த போட்டோக்கொப்பிகளைப் புரட்டிக்கொண்டு இருந்தேன். கடைசியில் கலா போன் எடுத்தாள். சூரிச் இன்னும் வரவில்லை, ஆனால் எல்லை கடந்தாயிற்று என்று சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே, ஏன் இவ்வளவு நேரம் என்று ஏசவும் தொடங்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். கியாசோவில் நின்றவர் காரைக் குனிந்துகூடப் பார்க்காமல் போ போ என்று கையைக் காட்டியிருக்கிறார். முன்னால் போன கார் எல்லாம் போய்விட்டது. சிவநேசன் போகவில்லை. ஓரமாக நிறுத்தி, பைலைத் தூக்கிக்கொண்டு இறங்கி அவரிடமே போயிருக்கிறார். தானாக வந்து சோதிக்கச் சொல்கிற ஆளை எந்த நாட்டில் சும்மா விடுவார்கள்? காரை முழுக்க இறக்கிவிட்டார்கள். சீலைப் பெட்டி, தாம்பாளம், இரண்டு டின் முறுக்கு எல்லாம் ரோட்டில். பிள்ளைகளை நித்திரையால் எழுப்பி முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று குடும்பப் பெயரையும் கேட்டார்கள். பலமொழிப் பத்திரத்தில் விரலை வைத்து அபிராமி, பலெர்மோச் சந்தையில் மீன் விற்கிறவர்களின் இத்தாலியனில், யார் யாருக்கு என்ன பெயர் என்று பாடமே நடத்தினாளாம். ஒரு பேப்பரிலும் ஒரு குறை கிடைக்கவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கடைசியில் அவர்களே கேட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன சொன்னீர்கள் என்று நான் சத்தம் போட்டேன். சிவநேசன் போனை வாங்கிப் பதில் சொன்னார்.

"இந்தப் பிள்ளையளின்ரை பேப்பருக்காக நான் இத்தாலியனாகிறதையே தள்ளிப் போட்டனான், ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ எண்டுதான் சொன்னனான் அக்கா!"

பத்திரம் இல்லாமல் எல்லைக்குப் போகிறவர்களைத் திருத்தவே பாதி ஆயுள் போய்விட்ட எனக்கு, எல்லாப் பத்திரமும் சரியாக இருக்கிறவர்களை எல்லையில் நிற்காமல் போகச் செய்வது எப்படி என்று இனிமேல்தான் படிக்கவேண்டும்.