நான் இறங்கிவிடும் இடம்

பல்கலைக்கழகத்தில் இசைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது எனக்கு இருந்த திமிரை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று இருந்தேன். ஏழு வயதிலிருந்து மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றிப் பாடிக்கொண்டே நடந்தவள் நான். பதினான்கு கிலோமீட்டர் பாடியவளுக்குப் பத்து நிமிடம் ஒரு பெரிய விஷயமா?

அப்பாவுக்கு அடி அண்ணாமலையில் மோட்டார் காயில் கட்டும் கடை. எங்கள் வீட்டு முன்னறைதான் அது. கிணற்று மோட்டார், எரிந்துபோன மிக்ஸி, சுற்றாத ஃபேன் எல்லாம் அங்கே வந்து வரிசையில் கிடக்கும். பௌர்ணமி அன்று மட்டும் மதியத்தோடு ஷட்டரை இறக்கிவிட்டு, ஆர்மோனியப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஜனைக் குழுவோடு கிளம்பிவிடுவார். அப்பாவையும் சேர்த்து எட்டு ஆண்கள். ஒன்பதாவது ஆள் நான்.

அப்பா எப்போதும் ஒன்றரைக் கட்டையில் சுருதி பிடிப்பார். பாட்டை எந்த உயரத்தில் தொடங்குகிறோம் என்பதற்கான அளவுதான் கட்டை. ஒன்றரை என்பது ஆண்களின் குரலுக்குத் தோதானது. அந்த எட்டுப் பேரும் பாடுவதை நான் ஒரு ஸ்தாயி மேலே, ஏழு ஸ்வரங்கள் தாண்டிய உயரத்தில், பாடுவேன். சுருதி என்பது ஆளுக்கு ஆள் மாறக்கூடிய ஒன்று என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது, எங்கள் பாட்டு ஒன்றரைக் கட்டை, அப்படித்தான் வளர்ந்தேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. நான் பாடப்போகும் பாட்டைப் போனில் பதிவுசெய்து, அதே படிப்பில் இரண்டாம் வருடம் இருந்த கீழ்பென்னாத்தூர் அக்காவுக்கு அனுப்பினேன். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர் அவர். பாராட்டு வரும் என்று சாப்பிடும்போதுகூடப் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். குரல் செய்தி வந்தது.

"நல்லா பாடற. ஆனா சுருதிய ஏன் அங்க வெச்சிருக்க? அது ஆம்பளைங்க சுருதி. சரணத்துல மேல ஏறற எடம் வருதுல்ல, அங்க நீ ஏறவே இல்ல. கீழ எறங்கிட்ட. அந்தப் பாட்டே அங்கதான் இருக்குது. கேக்கறவங்க அதுக்குத்தான் ஒக்காந்திருப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. 'எங்க ஊர்ல அப்படித்தான் பாடுவாங்க' என்று பதில் அனுப்பினேன். என்ன ஒரு பதில்! அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அதே பாட்டைத் தானே பாடி அனுப்பினார். பல்லவி நான் பாடுவது மாதிரியே இருந்தது. சரணத்தில் அந்த இடம் வந்தது. அக்காவின் குரல் படிப்படியாக மேலே போய், பெண் குரலில் நான் கேட்டே இராத ஓர் உயரத்தில் நின்று, நிதானமாக இறங்கி வந்தது. நான் என் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில் என் குரல் பாதி வார்த்தையில் பொத்தென்று ஒரு ஸ்தாயி கீழே விழுந்தது. அத்தனை வருடம் மலையைச் சுற்றிப் பாடிய பாட்டை நான் ஒரு தடவைகூட முழுதாகப் பாடியதில்லை.

அக்கா ஐந்து கட்டை வைத்துப் பாடச் சொன்னார். எண் பெரிதென்றாலும், ஒன்றரையை ஒரு ஸ்தாயி மேலே பாடும் எனக்கு அது தாழ்வான தொடக்கம்தான். போனில் தம்புரா ஆப்பை ஐந்துக்கு மாற்றினேன். முதல் வரியிலேயே தொண்டை இளகியது. கத்த வேண்டியிருக்கவில்லை. மேலே எவ்வளவோ இடம் இருந்தது, அந்தச் சரணத்து உயரம் தாராளமாக எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இனி என்ன கவலை என்று நினைத்தேன்.

கவலை அங்கேதான் தொடங்கியது. அந்த இடம் வந்ததும் தொண்டை தானாகவே இறங்கிவிட்டது. ஏற வழி இருந்தும் இறங்கியது. மறுபடி பாடினேன், மறுபடி இறங்கியது. ஸ்வரங்களை மட்டும் தனியாகப் பாடினால் ஏறும். வார்த்தையைச் சேர்த்தால் இறங்கும். மெதுவாகப் பாடினால் ஏறும், தாளம் போட்டால் இறங்கும். ஒரு வாரம் கழித்துப் பத்து தடவையில் மூன்று தடவை ஏறியது. தேர்வில் ஒரு தடவைதான் பாட முடியும். கடுப்பில் ஒருநாள் போனைத் தலையணை மேல் வீசினேன். தரையில் வீச மனம் வரவில்லை, அது ஒன்றுதான் இருந்தது.

போதாததற்குக் கடை. காயில் கட்டி முடித்த மோட்டாரை அப்பா சோதனைக்கு ஓட விடுவார். அது ஒரே ஸ்வரத்தில் உம்மென்று கத்தும். அந்தச் சத்தம் ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே நிற்கும். வேறு ஏதோ ஸ்வரமாக இருந்தால் பொருட்படுத்தாமல் பாடிவிடலாம். இது கிட்டத்தட்ட என் சுருதி. தெரியாமல் அதன் பக்கம் சாய்ந்துவிடுவேன், மோட்டார் நின்றதும் பார்த்தால் தம்புராவை விட்டு விலகி எங்கேயோ நின்றுகொண்டிருப்பேன். அப்பாவின் வாய் வேறு சும்மா இருக்காது. நான் பாடத் தொடங்கினால் கம்பியைச் சுற்றிக்கொண்டே அவரும் தன் ஒன்றரைக் கட்டையில் கூடப் பாடுவார். ஒரு பக்கம் மோட்டார், ஒரு பக்கம் அப்பா, நடுவில் நான்.

"அப்பா, கூடப் பாடாதயேன்!"

"பாடலியே."

"பாடற. எனக்குக் கேக்குது."

"பாட்டுனா வாயில வரத்தான் செய்யும்" என்றார். பத்து நிமிடத்தில் மறுபடி முனகல் கேட்டது.

அன்றைக்கு நான் கடைக்குள் போய் நின்று கேட்டே விட்டேன். "ஏம்பா, இத்தினி வருஷமா சரணத்துல நான் கீழ எறங்கிடறேன். பக்கத்துலயே நடந்து வர்ற. உனக்குத் தெரியவே இல்லியா?"

அவர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியுமே."

"தெரியுமா?"

"நான்தான் எறங்கச் சொன்னேன். ஏழு வயசுல அந்த எடத்துல ஒனக்கு எட்டாது. கத்துவ, தொண்ட கட்டிக்கும், அழுவ. அங்க மட்டும் எறங்கிக்கோ பாப்பா, மேல நாங்க பாத்துக்கறோம்னு சொன்னேன். மறந்துட்டியா?"

எனக்கு அது நினைவே இல்லை. "சுருதிய மாத்தியிருக்கலாம்ல?"

"எட்டு பேர் இருக்காங்கம்மா. ஒருத்திக்கோசரம் மாத்த முடியுமா?"

அவர் சொன்னதில் தப்பு என்று எதையும் காட்ட முடியவில்லை, அதுதான் எரிச்சலை ஜாஸ்தியாக்கியது. ஏழு வயதுக் குழந்தையிடம் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். எட்டுக்கு ஒன்று என்பதும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வளர்ந்த பிறகாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் பாட்டு என்று நம்பிக்கொண்டிருந்தது அவர் எனக்குக் கொடுத்த சலுகை என்று சொல்லியிருக்கலாமே. இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தெரியாமல் "மோட்டாரையாவது நிறுத்து" என்று கத்திவிட்டு வந்தேன். உள்ளே அம்மா, "ரெண்டும் ஒரே பிடிவாதம், நடுவுல என் காதுதான் போவுது" என்றார்.

மறுநாளிலிருந்து நான் பாடும் நேரத்தில் மோட்டார் ஓடவில்லை. சோதனையை எல்லாம் மத்தியானத்துக்கு மாற்றிவிட்டார். மோட்டாருக்காக வந்தவர்களை "சாயங்காலம் வாங்க" என்று அனுப்புவது எனக்குக் கேட்டது. அதற்காக நான் சமாதானம் ஆகவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் பௌர்ணமி. நான் வரமாட்டேன் என்றேன். ஒன்றரைக் கட்டையில் ஒரு தடவை பாடினால் போதும், மூன்று வாரப் பாடு மொத்தமும் பாழ். அப்பா ஆர்மோனியத்தைத் துடைக்கத் தொடங்கினார். குழுவில் ஜால்ரா போடுகிற மாமா வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"பாப்பா வரலியா? நீ இல்லாம சரணம் எடுபடாதே!"

'சரணத்துல நான் என்னிக்கு இருந்தேன் மாமா' என்று கேட்க நாக்கு துடித்தது. "தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கணும் மாமா" என்று மட்டும் சொன்னேன். அப்பா பெட்டியை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். தெருமுனை வரைக்கும் அவர்கள் பாடுவது கேட்டது. நான் இல்லாமல் பாட்டில் எதுவும் குறைந்த மாதிரி தெரியவில்லை, அதற்கும் அழுகை வந்தது.

தேர்வுக்கு அப்பாதான் கூட வந்தார். பஸ்ஸில் நான்கு மணி நேரம் இரண்டு பேரும் புளிசாதத்தைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் மட்டும் பேசினோம். அங்கே ஒரு நீள வராந்தா. அறைக்கு வெளியே பெஞ்சு, அதில் பெற்றோர்கள். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சுருதிம்மா?"

"அஞ்சு கட்டை" என்றேன். அதைச் சொல்லும்போது பொய் சொல்வது போல இருந்தது.

முதலில் ஒரு வர்ணம் கேட்டு, பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். பிறகு பாட்டு. பல்லவி, அனுபல்லவி தாண்டிச் சரணம் வந்தது. அந்த இடத்துக்கு ஒரு வரி முன்னாலேயே தொண்டை இறங்கத் தயாராவது எனக்குத் தெரிந்தது. 'நாங்க பாத்துக்கறோம்' என்ற அப்பாவின் குரல் வேறு காதில் கேட்டது. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். அழகாக ஏறவில்லை. உச்சியில் குரல் லேசாகக் கீறியது. ஆனாலும் அங்கே நின்றேன், நிதானமாகத்தான் இறங்கினேன். ஒருவர் ஏதோ எழுதினார். நடுவில் இருந்தவர் "போதும்மா" என்றார்.

இடம் கிடைத்த செய்தி பத்து நாள் கழித்து வந்தது. அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. அந்தக் கீறல் மட்டும்தான் மனதில் இருந்தது. வெளியே வந்தேன். அப்பா பெஞ்சின் ஓரத்தில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படிப் பாடினாய் என்று கேட்கவில்லை.

"இங்க நல்லாவே கேட்டுது" என்றார். "வாய் சும்மா இருக்கல. கூடவே மெதுவா பாடினேன். ஒன் சுருதியிலயேதான் பாடினேன்."

"ம்."

"அந்த எடம் வந்துது. எனக்கு எட்டல பாப்பா. எறங்கிட்டேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "நீ மேல போய்க்கினு இருக்க, நான் கீழ. ஒரு மாதிரியாத்தான் இருக்குது, இல்ல?"

"எனக்கு இது பதினோரு வருஷம்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.